தெளிந்து வரும் நேரத்தில் தனியே விடாதீர்கள்

மனச்சிதைவு நோயும் உயிர்ப் பாதுகாப்பும்: கணவன் மனைவி இருவரும் சேர்ந்து படிக்க வேண்டிய விளக்கம்



குடும்ப நலம் என்றதும் பிள்ளைகளுக்கு இடைவெளி, தடுப்பூசி, சத்துணவு இவைதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் வீட்டில் ஒருவருக்கு மனம் சரியில்லை என்றால் அந்தக் குடும்பத்தின் தூக்கமே போய்விடுகிறது. அதைப் பற்றி வெளியே பேசவும் கூச்சம். ஆகவே இந்த வெளியீட்டில் மனச்சிதைவு நோய் பற்றியும், அந்த நோய் உள்ளவர்களைத் தற்கொலையிலிருந்து காப்பாற்றுவது பற்றியும் ஒளிவு மறைவு இல்லாமல் சொல்கிறோம்.

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் இருந்துவிட்டு, வாசுதேவநல்லூரில் பஸ்ஸை விட்டு இறங்குகிறார் ஒரு வாலிபர். கையில் துணிப்பை. பைக்குள் மாத்திரை. முன்போலத் தானாகப் பேசுவதில்லை, சிரிப்பதில்லை. ராத்திரி தூங்குகிறார். போட்ட சோற்றைச் சாப்பிடுகிறார். "அப்பாடா, தெளிஞ்சிட்டான். இனிமே கவலை இல்லை" என்று வீட்டார் பெருமூச்சு விடுகிறார்கள். அண்ணன் கரும்புத் தோட்டத்துக்குப் போகிறார். மதினி எலுமிச்சை பறிக்கப் போகிறாள். ஆயா கோவிலுக்குப் போகிறாள். வீட்டில் அவர் மட்டும் தனியே உட்கார்ந்திருக்கிறார்.

இந்த நேரத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். இந்த வெளியீடு சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுவே.

இது என்ன நோய்?

மனச்சிதைவு என்பது மூளையின் வேலையில் ஏற்படும் ஒரு நோய். உலகம் முழுவதும் சுமார் 2 கோடியே 40 லட்சம் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஏழை, பணக்காரர், எந்தச் சாதி, எந்த மதம் என்ற வித்தியாசம் இதற்கு இல்லை. பெரும்பாலும் 16, 17 வயதுக்கு மேல் 30 வயதுக்குள் தொடங்கும். பெண்களுக்குச் சில வருஷம் தாமதமாகத் தொடங்குவதும் உண்டு.

யாரும் பேசாதபோது காதில் குரல் கேட்கும். அந்தக் குரல் திட்டும், கேலி செய்யும், சில சமயம் உத்தரவு போடும். "பக்கத்து வீட்டுக்காரன் எனக்கு விஷம் வைக்கிறான்", "எல்லாரும் என்னைப் பத்தியே பேசுறாங்க" என்று உறுதியாக நம்புவார்கள். பேச்சு கோர்வையாக வராது. நாளாக ஆக, குளிக்கவும் வேலைக்குப் போகவும் மனசு வராமல் ஒதுங்கி உட்கார்ந்துவிடுவார்கள். இதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடக் கூடாது. அதுவும் நோயின் ஒரு பகுதிதான்.

செய்வினை, காத்துக் கருப்பு, போன ஜென்மத்துப் பாவம் இவற்றால் இது வருவதில்லை. வளர்ப்பு சரியில்லாததாலும் வருவதில்லை. ஆகவே தாயையோ, கட்டிக்கொண்டு வந்த மனைவியையோ குற்றம் சொல்வதில் அர்த்தமே இல்லை.

இது தீர்க்க முடியாத நோயா? இல்லை. சென்னையில் 1980-களின் தொடக்கத்தில், முதல் தடவையாக இந்த நோய் கண்ட 90 பேரை மனநல மருத்துவர் தாராவும் அவருடன் இருந்தவர்களும் 20 வருஷத்துக்கு மேல் விடாமல் தொடர்ந்து கவனித்தார்கள். வைத்தியம் பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு நோய்க்குறிகள் நன்றாகக் குறைந்திருந்தன. அதே சமயம், அந்த 90 பேரில் தற்கொலையால் இறந்தவர்களும் உண்டு. நோயைக் குணப்படுத்துவது ஒரு வேலை. குணமாகும் வரை உயிரைக் காப்பது இன்னொரு வேலை. இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும்.

ஆபத்து எவ்வளவு? எப்போது?

மனச்சிதைவு நோய் உள்ளவர்களில் 100-க்கு சுமார் 5 பேர் தற்கொலையால் இறக்கிறார்கள் என்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். மற்றவர்களோடு ஒப்பிட்டால் இது பல மடங்கு அதிகம். இந்தக் கணக்கைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். மிச்சம் 95 பேர் அப்படி இறப்பதில்லை. அந்த 5 பேரிலும் பலரைக் காப்பாற்ற முடியும். ஆபத்து எப்போது வரும் என்று தெரிந்திருந்தால் முன்கூட்டியே கவனிக்கலாம்.

1. நோய் தொடங்கிய முதல் சில வருஷங்கள்.

2. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்கள், முதல் சில மாதங்கள்.

3. மாத்திரையை நிறுத்திய பிறகு நோய் திரும்பும் நேரம்.

4. "செத்துப் போ" என்று குரல் உத்தரவு போடும் நேரம்.

5. மனச்சோர்வு வந்து, "இனிமே எனக்கு என்ன இருக்கு" என்று நம்பிக்கை அற்றுப்போகும் நேரம்.

6. குடிப்பழக்கம் சேர்ந்துகொள்ளும் நேரம்.

7. முன்பே ஒரு தடவை உயிரை விட முயன்றவர் என்றால் எல்லா நேரமும்.

தெளிந்தவருக்கு ஏன் ஆபத்து என்று நீங்கள் கேட்கலாம். நோய் முற்றியிருந்தபோது தன் நிலைமை அவருக்கே தெரியாது. தெளிவு வந்தவுடன் எல்லாம் தெரிகிறது. படிப்பு நின்றுபோனது தெரிகிறது. கூடப் படித்தவன் வேலைக்குப் போய், கல்யாணமும் முடித்துவிட்டான். தெருவில் சட்டை இல்லாமல் ஓடியது ஞாபகம் வருகிறது. வைத்தியச் செலவுக்கு நகை அடகுக்குப் போனதும் தெரிகிறது. டீக்கடைப் பக்கம் போனால் பேச்சு நின்றுபோகிறது. "நான் ஒரு பாரம்" என்ற எண்ணம் அப்போதுதான் வருகிறது. நன்றாகப் படித்தவர், நன்றாக வருவார் என்று ஊரே எதிர்பார்த்தவர், இவர்களுக்கு அந்த ஏமாற்றம் இன்னும் அதிகம்.

கண் ஆபரேஷன் முடிந்து கட்டு அவிழ்த்தவரை உடனே வெயிலில் நிறுத்துவோமா? கொஞ்ச நாள் நிழலில் வைத்துத்தான் பழக்குவோம். மனம் தெளிந்தவருக்கும் அப்படித்தான். கொஞ்ச நாள் பக்கத்தில் ஒரு துணை இருக்க வேண்டும்.

ஒரு வீட்டில் நடக்கக்கூடிய பேச்சு

(விளக்கத்துக்காக எழுதப்பட்டது)

கணவர்: நர்சம்மா, எங்க தம்பி ஆஸ்பத்திரியில இருந்து வந்து பத்து நாளாச்சு. ஒரு தொந்தரவும் இல்ல. ஒரே இடத்துல உக்காந்திருக்கான், அவ்வளவுதான்.

செவிலியர்: யார்கிட்டயாவது மனசு விட்டுப் பேசுதாரா அண்ணாச்சி?

மனைவி: நேத்து என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாரு நர்சம்மா. "மதினி, என்னாலதான உங்களுக்கு இவ்வளவு கடன். நான் இல்லன்னா நீங்க நிம்மதியா இருப்பீங்க"ன்னாரு. எனக்குப் பகீர்னு ஆயிட்டு. "அப்படில்லாம் பேசப்படாது"ன்னு வாயை அடைச்சிட்டேன்.

செவிலியர்: வாயை அடைச்சா வார்த்தைதான் நிக்கும் தாயி. நெனப்பு நிக்காது. அது உள்ளேயே கெடந்து புழுங்கும். அவர் உங்களை நம்பித்தான அந்த வார்த்தையைச் சொன்னாரு? அப்பவே பக்கத்துல உக்காந்து கேட்டிருக்கணும்.

கணவர்: அதைப் போய் எப்படிக் கேக்கது? இல்லாத நெனப்பை நாமளே கெளப்பி விட்ட மாதிரி ஆயிடாதா?

செவிலியர்: ஆகாது அண்ணாச்சி. நெனப்பு இல்லாதவரு "இல்ல"ன்னு சொல்லிருவாரு. நெனப்பு இருக்கவருக்கு, கேக்க ஒரு ஆள் இருக்குன்னு நெஞ்சுல பாரம் குறையும். கேட்டதால யாரும் சாகல. கேக்காம விட்டதாலதான் பல வீட்ல இழப்பு வந்திருக்கு.

மனைவி: எப்படிக் கேக்கணும்? சொல்லித் தாங்க.

செவிலியர்: சத்தம் இல்லாத நேரமாப் பாருங்க. பக்கத்துல உக்காருங்க. "தம்பி, ரொம்பக் கஷ்டமா இருக்கா? செத்துப் போயிரலாம்னு தோணுதா?"ன்னு நேரா கேளுங்க. "ஆமா"ன்னு சொன்னா பதறாதீங்க, அழாதீங்க, திட்டாதீங்க. "குரல் ஏதும் அப்படிச் சொல்லுதா? எப்படிச் செய்யணும்னு ஏதும் நெனச்சு வச்சிருக்கியா?"ன்னு மெதுவா கேளுங்க. "நெனச்சு வச்சிருக்கேன்"னு சொன்னா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். போய்ச் சேர்ற வரைக்கும் ஒரு நிமிஷம்கூடத் தனியா விடக் கூடாது.

கணவர்: "யார்ட்டயும் சொல்லாதீங்க"ன்னு சத்தியம் வாங்கினா?

செவிலியர்: அந்தச் சத்தியத்தை மட்டும் செஞ்சு குடுக்காதீங்க. "உன் உயிர் எனக்கு முக்கியம், டாக்டர்கிட்ட மட்டும் நான் சொல்லித்தான் ஆகணும்"னு அன்பாச் சொல்லுங்க. பின்னால அவரே உங்களைக் கையெடுத்துக் கும்பிடுவாரு.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

"சாகப் போறேன்னு சொல்றவன் சாக மாட்டான்" என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதை நம்ப வேண்டாம். இறந்தவர்களில் பலர் முன்பே ஏதோ ஒரு விதத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

– "நான் உங்களுக்குப் பாரம்", "நான் போயிட்டா எல்லாம் சரியாயிடும்" என்ற பேச்சு.

– பிரியமாக வைத்திருந்த பொருளைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது. கொடுக்கல் வாங்கலைத் திடீரென்று முடிப்பது. "பிள்ளைகளைப் பாத்துக்கோங்க" என்பது.

– ராத்திரி முழுக்கத் தூங்காமல் நடப்பது. சாப்பாடு குறைவது.

– மாத்திரை வேண்டாம் என்று சண்டை போடுவது, அல்லது வாங்கி ஒளித்து வைப்பது.

– காதைப் பொத்திக்கொள்வது. குரலோடு வாதாடுவது.

– இருக்க முடியாமல் கால் துடித்து, உட்காரவும் நிற்கவும் முடியாமல் தவிப்பது. இது சில மாத்திரைகளால் வரும் தொந்தரவாகவும் இருக்கலாம். பொறுக்க முடியாத வேதனை அது. டாக்டரிடம் சொன்னால் மருந்தை மாற்றியோ குறைத்தோ சரி செய்வார்.

– பல நாள் தவித்தவர் ஒரு நாள் திடீரென்று அமைதியாவது. ஏதோ முடிவுக்கு வந்துவிட்டதால் வந்த அமைதியாகவும் இருக்கலாம். அருகில் போய்க் கேளுங்கள்.

இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும் தேதி வரை காத்திருக்க வேண்டாம்.

இரண்டு "மருந்து", இரண்டு பெட்டி

நம் ஊரில் தோட்டத்துக்கு அடிக்கும் விஷத்துக்கும் மருந்து என்றுதான் பெயர். உடம்புக்குச் சாப்பிடும் மாத்திரைக்கும் மருந்து என்றுதான் பெயர். நெல், கரும்பு, பருத்தி, எலுமிச்சை எது போட்டாலும் ஒரு டப்பா பூச்சி மருந்து வீட்டுக்குள் வந்துவிடுகிறது. அடித்தது போக மீதியைக் கட்டிலுக்கு அடியிலோ பரணிலோ வைத்துவிடுகிறோம். மனம் தடுமாறும் ஒருவர் இருக்கும் வீட்டில் இது கூடவே கூடாது.

சாக வேண்டும் என்ற எண்ணம் பல பேருக்குப் புயல் மாதிரி வந்து கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். அந்தக் கொஞ்ச நேரத்தில் விஷம் கைக்கு எட்டாமல் இருந்தால் உயிர் பிழைக்கும். "ஒண்ணு இல்லாட்டா இன்னொண்ணைத் தேடுவான்" என்று சொல்வது சரியில்லை. பக்கத்தில் உள்ள இலங்கையில் மிகக் கொடிய பூச்சி மருந்துகளை 1995 முதல் ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். அடுத்த 20 வருஷத்தில் அந்த நாட்டில் தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது.

நம் மாநிலத்திலும் ஓர் உதாரணம் இருக்கிறது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில் இரண்டு கிராமங்களில், விவசாயிகள் தங்கள் பூச்சி மருந்தை வீட்டில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான ஒரு கிடங்கில் பூட்டி வைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி, தனிச் சாவி. சென்னையில் 1986-ல் "ஸ்நேகா" என்ற தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவருடன் இருந்தவர்களும் இந்த ஏற்பாட்டைச் செய்தார்கள். அந்தக் கிராமங்களில் தற்கொலை குறைந்ததை 2013-ல் வெளியிட்ட ஆய்வில் எடுத்துக் காட்டினார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. பூச்சி மருந்தை வேண்டிய அளவு மட்டும் வாங்குங்கள். மீதியை வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். தோட்டத்து மோட்டார் அறையில் இரும்புப் பெட்டியில் பூட்டி, சாவியைக் கணவர் இடுப்பில் வைத்துக்கொள்ளட்டும். அந்த அறைச் சாவியும் நோயாளி கையில் போகக் கூடாது. உறவினர் தோட்டம் பக்கத்தில் இருந்தால் அவர்களிடமும் சொல்லி வையுங்கள். எலி மருந்து, சாணிப்பவுடர் இவை வீட்டில் இருக்கவே வேண்டாம். மூடாத கிணறு இருந்தால் கம்பி வலை போடுங்கள்.

மாத்திரைப் பெட்டி மனைவி கையில் இருக்கட்டும். ஒரு மாத மாத்திரையை மொத்தமாக நோயாளியிடம் கொடுக்க வேண்டாம். வேளைக்கு வேளை எடுத்துக் கொடுத்து, தண்ணீரும் கொடுத்து, விழுங்கும் வரை பக்கத்தில் நில்லுங்கள். போலீஸ்காரர் மாதிரி நிற்க வேண்டாம். பேச்சுக் கொடுத்துக்கொண்டே நின்றால் போதும்.

மாத்திரையை யார் நிறுத்துவது?

டாக்டர்தான் நிறுத்த வேண்டும். "தெளிஞ்சிட்டான், எதுக்கு மாத்திரை?" என்று நாம் நிறுத்தினால் சில வாரத்திலோ சில மாதத்திலோ நோய் திரும்பும். திரும்பும் ஒவ்வொரு தடவையும் உயிருக்கு ஆபத்து கூடுகிறது.

மாத்திரை சாப்பிட மறுப்பவர்களுக்கு இரண்டு வாரம் அல்லது ஒரு மாதத்துக்கு ஒரு தடவை போடும் ஊசி இருக்கிறது. கை நடுக்கம், உடல் விறைப்பு, தூக்கக் கலக்கம், எடை கூடுவது போன்ற தொந்தரவுகள் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கு மாற்று உண்டு. தற்கொலை எண்ணம் விடாமல் துரத்தும் மனச்சிதைவு நோயாளிகளுக்குக் குளோசபின் என்ற மாத்திரை நல்ல பலன் தருகிறது. அமெரிக்க அரசு 2002-ல் இந்த உபயோகத்துக்காகவே அதற்கு அனுமதி கொடுத்தது. அதைச் சாப்பிடுபவர்கள் குறித்த நாளில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஆகவே டாக்டர் மேற்பார்வையில் மட்டுமே சாப்பிடலாம்.

கோவிலும் அருவியும் சங்கிலியும்

சங்கரன்கோவில் கோமதி அம்மன் சன்னதிக்கும், திருச்சி பக்கம் குணசீலத்துக்கும் மனம் சரியில்லாதவர்களைக் கூட்டிப் போகிற வழக்கம் நமக்கு உண்டு. "குற்றாலத்துல குளிச்சா பித்தம் தெளியும்" என்றும் சொல்வார்கள். கும்பிடப் போவதை யாரும் தடுக்கவில்லை. சாமி மேல் உள்ள நம்பிக்கை மனசுக்குத் தைரியம் தரும். ஆனால் கோவிலுக்குப் போகும் பையிலும் மாத்திரை இருக்க வேண்டும். விபூதியும் பூசட்டும், மாத்திரையும் போடட்டும். அருவிக்குக் கூட்டிப் போனால் கையைப் பிடித்துக்கொண்டே இருங்கள்.

கட்டிப் போடுவது மட்டும் வேண்டாம். ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-ந் தேதி விடியும் முன்பே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 மனநோயாளிகள் இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்களும் நம்மைப் போன்ற குடும்பத்தார்தான். பாதுகாப்பு என்று நினைத்த சங்கிலியே அவர்கள் உயிரை வாங்கியது. 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டுவதை அடியோடு தடை செய்திருக்கிறது. கட்டி வைக்கப்பட்டவருக்கு அவமானம் கூடும். அவமானம் கூடினால் வாழும் ஆசை குறையும். சங்கிலி போட வேண்டிய அளவுக்கு ஒருவர் துடிக்கிறார் என்றால் அவர் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டியவர்.

கல்யாணமும் கர்ப்பமும்

"ஒரு கால்கட்டுப் போட்டா சரியாயிடும்" என்று நோயை மறைத்துக் கல்யாணம் முடிப்பவர்கள் இருக்கிறார்கள். கல்யாணம் இந்த நோய்க்கு மருந்தாகாது. மாத்திரை சாப்பிடுவது புது மனைவிக்குத் தெரியக் கூடாது என்று நிறுத்துவார்கள். நோய் திரும்பும். சண்டை வரும். பெண் தாய் வீட்டுக்குப் போவாள். அந்தப் பிரிவே உயிருக்கு ஆபத்தாக முடியலாம். நோய் நன்றாகக் கட்டுப்பட்டவர்கள் கல்யாணம் செய்து பிள்ளை குட்டியோடு வாழ்கிறார்கள். ஆனால் இரு வீட்டாருக்கும் உண்மை தெரிந்திருக்க வேண்டும்.

நோய் உள்ள பெண் கர்ப்பமானால் பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கர்ப்பம் தரிக்க நினைக்கும்போதே டாக்டரிடம் சொன்னால், தாய்க்கும் குழந்தைக்கும் ஏற்ற மருந்தைத் தேர்ந்து கொடுப்பார். பிரசவத்துக்குப் பின் வரும் வாரங்களில் நோய் திரும்ப வாய்ப்பு அதிகம். அப்போது கணவரும் மாமியாரும் கூடவே இருந்து, ராத்திரி அவள் தூங்குவதற்கு வசதி செய்து கொடுக்க வேண்டும். தாயையும் குழந்தையையும் தனியே விட வேண்டாம்.

வீட்டுப் பேச்சும், பார்த்துக்கொள்பவரின் களைப்பும்

லண்டனிலும் நம் நாட்டில் சண்டிகரிலும் நடந்த ஆய்வுகள் ஒரு விஷயத்தைக் காட்டின. குத்திப் பேச்சும் வெறுப்பும் அதிகம் உள்ள வீட்டில் நோய் திரும்புவதும் அதிகம். "உன்னாலதான் இந்தக் கடன்", "தண்டச் சோறு" இப்படிப்பட்ட வார்த்தைகள் வேண்டாம். குரல் கேட்கிறது என்று அவர் சொன்னால் "பொய் சொல்றே" என்று வாதாட வேண்டாம். "எனக்குக் கேக்கலை, ஆனா உனக்குக் கேக்குது, அது கஷ்டம்தான்" என்று சொல்லுங்கள். ஆடு அவிழ்த்துக் கட்டுவது, செடிக்குத் தண்ணீர் விடுவது, எலுமிச்சை தரம் பிரிப்பது இப்படிச் சின்ன வேலையாகக் கொடுங்கள். செய்ததும் "நல்லாச் செஞ்சிருக்கே" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். தன்னால் இந்த வீட்டுக்கு ஒரு பிரயோஜனம் உண்டு என்ற எண்ணம் வந்தால், உயிர் மேல் பிடிப்பு வரும்.

இத்தனையும் செய்வது யார்? பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். அவளுக்கும் உடம்பு ஓயும், மனசும் சலிக்கும். "இவர் போய்ச் சேர்ந்தாத் தேவலை" என்று ஒரு நிமிஷம் தோன்றிவிட்டு, பிறகு அதற்காக அழுகிற மனைவிமார் உண்டு. அது பாவம் ஒன்றுமில்லை தாய்மார்களே, அளவுக்கு மீறிய களைப்பு. கணவரும் மனைவியும் முறை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணன் தம்பிகளிடம் வாரத்தில் ஒரு நாள் கேட்டு வாங்குங்கள். உங்களுக்கே சாகலாம் என்று தோன்றினால் அதையும் செவிலியரிடமோ டாக்டரிடமோ சொல்லுங்கள்.

எல்லாக் கவனிப்பும் இருந்தும் சில வீட்டில் உயிரிழப்பு நேர்ந்துவிடுவது உண்டு. அந்த வீட்டாரைப் பார்த்து "நீங்க கவனிச்சிருக்கணும்" என்று யாரும் சொல்ல வேண்டாம். நோய் செய்ததற்குத் தாயும் மனைவியும் குற்றவாளி ஆக மாட்டார்கள்.

உதவி எங்கே கிடைக்கும்?

இந்த நோய்க்கு நம் மாநிலத்தில் நெடுங்காலமாக உழைத்தவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று சொல்லப்படும் சாரதா மேனன், சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்குத் தலைமை வகித்தவர். 1984-ல் மனச்சிதைவு நோய்க்காகவே "ஸ்கார்ப்" என்ற அமைப்பைச் சென்னையில் தொடங்கினார். 1992-ல் பத்மபூஷண் விருது பெற்றார். 2021-ல் 98-வது வயதில் காலமானார்.  இன்று வைத்தியத்துக்குச் சென்னைக்குத்தான் போக வேண்டும் என்றில்லை.

– முதலில் உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடமோ சொல்லுங்கள்.

– புளியங்குடி, கடையநல்லூர் வழியாகப் பஸ் ஏறினால் தென்காசி மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனை. பாளையங்கோட்டையில் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அரசு மருத்துவமனையில் மாத்திரைக்குப் பணம் இல்லை.

– 14416: டெலி மானஸ். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. ராத்திரி பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். கட்டணம் இல்லை.

– 104: தமிழ்நாடு அரசின் சுகாதார உதவி எண்.

– 044-24640050: ஸ்நேகா.

– 108: அவசர ஆம்புலன்ஸ்.

யாராவது விஷம் குடித்துவிட்டதாகத் தெரிந்தால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், சாணிக் கரைசல் எதுவும் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழலில் இறங்கி அதுவே உயிரைப் போக்கிவிடும். நினைவு இல்லாவிட்டால் இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

"போலீஸ் கேஸ் ஆயிடுமே" என்று பயந்து வீட்டிலேயே வைத்திருக்க வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தவர் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை என்று 2017-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. முன்பு இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு, 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் இடம்பெறவில்லை.

மறவாதீர்கள்

தெளிந்து வந்தவரைத் தனியே விடாதீர்கள்.

செத்துப் போகத் தோணுதா என்று நேராகக் கேளுங்கள்.

பூச்சி மருந்துக்குப் பூட்டு. மாத்திரைக்குக் கணக்கு.

டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கணவன் மனைவி இருவரும் உட்கார்ந்து ஒரு காரியம் செய்யுங்கள். பூச்சி மருந்து வீட்டில் எங்கெங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். நாளைக் காலையில் அதை வீட்டை விட்டு எடுத்துப் போய்ப் பூட்டி வையுங்கள். பிறகு தனியே உட்கார்ந்திருக்கும் அந்தத் தம்பி பக்கத்தில் போய் உட்காருங்கள். பேச ஒன்றும் தோன்றாவிட்டாலும் பரவாயில்லை. கூட ஒரு ஆள் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தால் போதும்.

படித்து முடித்தபின் இந்த வெளியீட்டைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுங்கள்.